பாயிண்ட் குக்கில் நான் கொளுத்திய போகி

மாப்பிள்ளையின் ஆசையைக் கெடுப்பதற்கென்றே விமானம் ஏறிப்போன மாமனார் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மகள் நித்யா மெல்பர்னின் மேற்கே பாயிண்ட் குக் என்ற புறநகரில் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. கணவர் பிரபு கம்ப்யூட்டர்காரர். மார்கழி பிறந்த கையோடு ஒரு நாள் போன் செய்தாள். ஆறு மாதமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் ஷட்டில் ஆடப் போகிறேன் என்று கிளம்பிய மனிதர், உண்மையில் அங்கிருக்கும் தீயணைப்பு நிலையத்துக்குப் போய்த் தொண்டராகப் பயிற்சி எடுத்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதற்குள் நான் வந்து அவர் மனத்தை மாற்ற வேண்டும்.

"நீங்க சொன்னாதான்ப்பா கேப்பார். அதுல இருந்தவர் நீங்க" என்றாள்.

இருந்தவன்தான். முப்பத்து மூன்று வருஷம் தீயணைப்புத் துறையில் குப்பை கொட்டி, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு மூட்டுவலி. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று நின்றுவிட்டாள். புறப்படும்போது ஊறுகாயை மட்டும் கையில் கொடுத்து, "போன இடத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். வாயைப் பற்றித்தான் எச்சரித்தாள். கையைப் பற்றி அவளுக்குத் தோன்றவில்லை.

விமான நிலையத்துக்கு பிரபுதான் வந்திருந்தார். பெட்டியை வைக்க டிக்கியைத் திறந்தால், அங்கே ஒரு ஜோடி தீயணைப்பு பூட்ஸ் குத்துக்கல் மாதிரி நின்றது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். நம் ஊரில் ஜவுளிக்கடை விளம்பரம் நிற்கிற இடத்தில், இங்கே சாலையோரம் அரைவட்டப் பலகை ஒன்று நிற்கிறது. இன்றைக்குத் தீப்பிடிக்கும் அபாயம் எவ்வளவு என்று அதில் ஒரு முள் காட்டுகிறது. ஜனவரி அவர்களுக்குக் கோடை. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பார்த்ததுமே ஒரு தீக்குச்சியை நினைத்துக்கொண்டேன். தொழில் புத்தி.

முதல் இரண்டு நாள் சாப்பாட்டில் போயிற்று. நித்யா என்னைக் கவனித்த விதத்தில் ஒரு லஞ்சத்தின் வாசனை இருந்தது. மீன் குழம்பு, அடுத்த வேளை வத்தக்குழம்பு, நடுவில் அவள் சமையலறையிலிருந்து கண்ணால் கேட்கிற கேள்வி: சொன்னீங்களா? நான் இல்லை என்று தலையாட்டினால் அடுத்த அப்பளம் வராது.

நான் என் வழியில் ஆரம்பித்தேன். அறிவுரை சொன்னால் இந்தக் காலத்து மாப்பிள்ளைகள் மறுநாளே இரண்டு மடங்காகச் செய்வார்கள். அதனால் பயமுறுத்துவது என்று முடிவு செய்தேன். பஞ்சு மில்லில் மூன்று நாள் உள்ளேயே கனன்ற தீ, கிணற்றில் விழுந்த எருமை, எருமையை எடுக்கப் போய் விழுந்த ஆள் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பிரபு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கடைசியில், "மாமா, ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன்ல எல்லார் ஃபேமிலிக்கும் லஞ்ச் இருக்கு. இதெல்லாம் அங்க வந்து சொல்லணும்" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நித்யாவும் வந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு முதல் அதிர்ச்சி, நிலையம் பூட்டியிருந்தது. பிரபு ஒரு அட்டையைக் காட்டித் திறந்தார். உள்ளே இரண்டு சிவப்பு வண்டிகள், சுவரில் வரிசையாகத் தொங்கும் மஞ்சள் கோட்டுகள். ஆள் ஒருவர் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் ஆள் இல்லாமல் இருப்பதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். எங்கள் நிலையத்தில் கேரம் போர்டைச் சுற்றியாவது நாலு பேர் இருப்பார்கள். இங்கே தீ என்றால் இடுப்பில் இருக்கும் பேஜர் கத்துமாம். குழாய் ரிப்பேர் செய்பவர் குழாயைப் போட்டுவிட்டும், ரொட்டிக் கடைக்காரர் ரொட்டியைப் போட்டுவிட்டும் ஓடி வருவார்களாம். பயிற்சியில் இருக்கும் பிரபு கூடப் பேஜரோடு வண்டியில் பின்னால் ஏறிக்கொள்ளலாமாம். சம்பளம் கிடையாது. படி கிடையாது. இதைக் கேட்டதும், இந்த ஊரில் சங்கம் என்று ஒன்று இல்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது.

கேப்டன் ஒரு பெண்மணி. பெயர் டெபி. அந்தக் குழாய் ரிப்பேர்க்காரர் அவர்தான். கையைப் பிடித்துக் குலுக்கியதில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. குறை கண்டுபிடிக்கலாம் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிலையத்தில் வண்டியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவோம். அழைப்பு வந்ததும் இறக்கத்தில் உருட்டிவிட்டால்தான் உயிர் வரும்.

சாப்பாடு என்பது ஒற்றை ரொட்டித் துண்டில் ஒரு சாசேஜ். அதற்கு வதக்கிய வெங்காயம். வெங்காயத்தை மேலே வைக்காமல் அடியில் வைத்தார் பரிமாறியவர். கீழே சிந்தினால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்று விளக்கம் சொன்னார். வெங்காயத்தில் கூடப் பாதுகாப்பு பார்க்கிற மனிதர்களிடம் என் வித்தை பலிக்குமா என்று அப்போதே சந்தேகம் வந்தது.

இருந்தாலும் கதை சொன்னேன். பிரபு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதில் எல்லோரையும் சிரிக்க வைத்தது செருப்புக் கதை. ஒரு முறை எண்ணெய்க் கிடங்கில் தீ. வீட்டிலிருந்து கிளம்பினால் வாசலில் பூட்ஸைக் காணோம். தேட நேரமில்லாமல் ரப்பர் செருப்போடு போனேன். சூட்டில் செருப்பு உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் என்னைச் செடியைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கி எடுத்தார்கள். டெபி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ரயிலில் தனியாக நகரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீரமாகப் போனேன். போனது சரியாகப் போனேன். திரும்புகையில் ஏசியில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெரிபீயில் கண் விழித்தேன். அதற்கு மேல் ரயில் போகாது. நடைமேடையில் எனக்குப் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். என் மஞ்சப்பையைப் பார்த்து, தமிழோ என்று விசாரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் அறுபத்திரண்டு வயதுக்காரன். என்னைத் தம்பி என்று கூப்பிட்ட புண்ணியவதி.

எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அவர், போன கோடைக்கு முந்தைய கோடையில் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெளியில் புல் தீப்பிடித்து வேலி வரைக்கும் வந்த கதையைச் சொன்னார். அவரும் அவர் கணவரும் மட்டும் வீட்டில். கணவருக்கு நடக்க முடியாது.

"அவை வந்தவை தம்பி. ஒரு பெட்டைப் பிள்ளை இவரைக் கதிரையோட தூக்கிக்கொண்டு போனவள். காலையில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற பிள்ளையாம். நான் பேர்கூடக் கேக்கேல்லை" என்றார். அவை என்றது தீயணைப்புத் தொண்டர்களை, கதிரை என்றது நாற்காலியை. பெயர் கேட்காத குறைக்கு, வருஷத்துக்கு ஒரு தரம் மோதகம் அவித்து அந்த நிலையத்து வாசலில் வைத்துவிட்டு வருவாராம். பூட்டியிருக்குமே என்றேன். "ஓம். வச்சிட்டு வந்திடுவன். பாத்திரம் கழுவி வாசலுக்கு வந்திடும்" என்றார்.

அவர் ரயில் வந்து போய்விட்டது. அது நானும் ஏற வேண்டிய ரயில் என்பது அது போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்ததற்காக உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் என்னை யாரும் மோதகம் கொடுத்துத் தேடியதில்லை. ஆனால் சம்பளம் வாங்கினேன், ஓய்வூதியமும் வாங்குகிறேன். பிரபுவின் ஆசையைக் கெடுக்க எனக்கு என்ன தகுதி என்று முதல்முறையாக உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் நித்யா கண்ணால் கேட்டாள். நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை போகிக்கு முந்தின நாள். போகி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய தாபம் உண்டு. ஊரெல்லாம் விடியற்காலையில் பழசைப் போட்டுக் கொளுத்தும்போது, எங்கள் துறைக்கு மட்டும் விடுப்பு ரத்து. முப்பத்து மூன்று போகி நான் அடுத்தவன் வைத்த தீயை அணைத்திருக்கிறேன். ஒரு தீயும் நான் வைத்ததில்லை. ஓய்வு பெற்ற வருஷம் மழை. அதற்கடுத்த வருஷம் வீட்டில் சாவுத் தீட்டு. இந்த வருஷமாவது ஒரு கை வைக்கோலையாவது கொளுத்திவிட வேண்டும் என்று மனசு அரித்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் பிரபு, மறுநாள் கடும் வெயில், வடக்குக் காற்று, அதனால் மாநிலம் முழுக்க வெளியே எங்கும் தீ மூட்டத் தடை என்று சொன்னார். கேட்டுக்கொண்டேன். தடை என்பது விவரம் தெரியாதவர்களுக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வேலியே பயிரை மேய்வது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நித்யாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு காகிதப் பை நிறையப் பழைய தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதையும் சேத்துக்கோங்கப்பா" என்றாள்.

புதன்கிழமை விடியற்காலை. பின்கட்டில் சிமெண்ட் தரை நடுவே இரும்பு வாணலி. இடது பக்கம் இரண்டு வாளித் தண்ணீர். வலது பக்கம் நனைத்த சாக்கு. தோட்டக் குழாய் தயார் நிலையில். விரலை நனைத்துக் காற்றும் பார்த்தேன், அசைவே இல்லை. உலகத்திலேயே இவ்வளவு பாதுகாப்பாக யாரும் போகி கொளுத்தியிருக்க மாட்டார்கள் என்ற பெருமையோடு, ஒரு பழைய துண்டையும் தென்னைவிளக்குமாற்று நுனியையும் வைத்துப் பற்றவைத்தேன். ஈரத் துண்டு போலிருக்கிறது. புகை நேராக எழுந்து பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது. அங்கே பெவ் என்ற வயதான வெள்ளைக்கார அம்மாள் இருக்கிறார். அதிகாலையில் எழுந்து செடிகளோடு பேசுகிறவர். அன்று அவர் செடிகளோடு பேசவில்லை. அவசர எண்ணோடு பேசினார் என்பது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் பேஜர் கத்தியது. தடதடவென்று படி இறங்கும் சத்தம். முன்பக்கக் கதவிலிருந்து பிரபுவின் குரல்: "மாமா, கால் வந்திருக்கு, வர்றேன்!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கேயோ தீ, இந்தப் பையன் தூக்கத்தை உதறிவிட்டு ஓடுகிறான். எங்கே மாப்ளே என்று வாய் வரை வந்தது. ஆனால் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். போகிற காரியம் கெடும் என்பார்கள். அடக்கிக்கொண்டேன். கேட்டிருந்தால் அவர் பேஜரில் முகவரியைப் பார்த்திருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை போன பெருமையில் நித்யா கொடுத்த பையையும் வாணலியில் கவிழ்த்தேன். மின்கட்டண ரசீதுகள், பீட்சா கடை நோட்டீஸ், அதற்கு நடுவே கனமாக ஒரு புத்தகம். அட்டையில் சிவப்பு வண்டிப் படம். ஓரம் பற்றிக்கொண்டு திறந்த பக்கத்தில் பிரபுவின் பெயர், தேதி வாரியாகக் கையெழுத்துகள். ஆறு மாதச் செவ்வாய்க்கிழமைகள் அத்தனையும் அதில் இருந்தன. அது இல்லாவிட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்க மாட்டார். நான் எதற்கு வந்தேனோ அது நடந்து முடிவதற்கு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றால் போதும்.

நிற்கவில்லை. வாணலிக்குள் கையை விட்டுவிட்டேன். இடுக்கி பக்கத்தில்தான் இருந்தது. அது கூடத் தோன்றவில்லை. புத்தகத்தை எடுத்து வேட்டியில் அழுத்தி அணைத்தபோது இரண்டு விரல் சுட்டுவிட்டது. நிமிர்ந்தால் சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால் நித்யா நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் சைரன் கேட்டது. அடடா, தீ இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது தெருவில் திரும்பியது. வாசலில் நின்றது.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு டெபி வந்தார். பின்னால் மூன்று பேர். கடைசியாக முழு மஞ்சள் உடையில் பிரபு. தெருப் பெயரை வண்டியில் கேட்டபோது யாரோ பாவம் என்று நினைத்தாராம். கதவு எண்ணைக் கேட்ட பிறகு யாரோடும் பேசவில்லையாம்.

டெபி வாளிகளைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அணைப்பதற்கு இவ்வளவு தயாராக இருந்த தீயைத் தான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு முகம் மாறியது. இதை மூட்டியது யார் என்று கேட்டார்.

நித்யா என் பின்னால் வந்து தமிழில் கிசுகிசுத்தாள். "இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிடுங்கப்பா."

நல்ல யோசனைதான். ஆனால் முப்பத்து மூன்று வருஷமாக என்னிடம் சிக்கிய ஒவ்வொருவரும் எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில் மேல் எனக்கு ஒரு வெறுப்பு. நெஞ்சை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான்தான், தடையென்று தெரிந்தும் செய்தேன், மாப்பிள்ளைக்கு இதில் சம்பந்தமில்லை என்றேன். என் பதவியையும் சொல்லித் தொலைத்தேன். பின்னால் நின்ற ரொட்டிக் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

டெபி சிரிக்கவில்லை. இன்று மதியம் நாற்பது டிகிரி, ஒரு பொறி பறந்தால் பின்னால் இருக்கும் புல்வெளி பாக்கி இருக்காது, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதா என்று கேட்டார். தெரிய வேண்டியதில்லைதான். தலை குனிந்து நின்றேன். நான் எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் குழாயை பிரபுவின் கையில் கொடுத்தார். உன் வீடு, உன் மாமனார், நீயே அணை என்றார். பிரபு பதற்றத்தில் முழு வேகத்தில் திறந்துவிட்டார். வாணலி வேலியில் போய் மோதியது. நான் தலை முதல் கால் வரை நனைந்தேன். அவருடைய முதல் தீ என்னோடு சேர்த்துத்தான் அணைந்தது.

அப்போது அக்குளில் நான் மறைத்திருந்த புத்தகம் கீழே விழுந்தது. டெபி எடுத்துப் பார்த்தார். பிரபுவும் பார்த்தார். அது அவர் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் இருந்திருக்க வேண்டிய புத்தகம்.

"பழைய பேப்பரோட சேந்து வந்திருச்சு மாப்ளே. கண்ணாடி போடாம நான்தான் போட்டுட்டேன்" என்றேன்.

நித்யா எலுமிச்சைச் செடியில் இலை எண்ணிக்கொண்டிருந்தாள். பிரபு அவளைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். எல்லோரும் செய்வதுபோல உள்ளே ஓடி ஐஸ் எடுத்துவரவில்லை. குழாய்த் தண்ணீரில் என் கையைப் பிடித்து, இருபது நிமிஷம் எடுக்கக் கூடாது மாமா என்றார். சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குத் தண்டனையாக, போகிக்கு யாரும் எதையும் கொளுத்த வேண்டாம் என்று தமிழில் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார் டெபி. அது கோயில் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. பொங்கலன்று கோயிலில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து, வாணலி அங்கிள் என்று கும்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து என் பெயருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சர்வீசில் ஒரு மெமோ வாங்காதவன், ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டில் வாங்கினேன். பிரபுவின் சோதனை முடிந்து, கருகிய பக்கத்தின் கருகாத மூலையில் டெபி கையெழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பும் நாள். என்னை விமான நிலையத்தில் விட பிரபு கார் சாவியை எடுத்த நேரத்தில் பேஜர் கத்தியது. அவர் நித்யாவைப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நாம டாக்சியில போகலாம்ப்பா என்றாள்.

டாக்சியில் அவள் போனை மடியில் கவிழ்த்து வைப்பதும் திருப்புவதுமாக வந்தாள். பாதி வழியில் கேட்டாள். "ஏம்ப்பா அதை வெளியே எடுத்தீங்க?"

"கைப்பழக்கம்மா."

போனை மறுபடி கவிழ்த்தாள். "அந்த செருப்புக் கதை. பூட்ஸை ஒளிச்சு வச்சது நான்தான். அரிசி டிரம்முக்குள்ள. பூட்ஸ் இல்லேன்னா நீங்க போக மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும். மறுநாள் சோத்துல ஷூ பாலிஷ் வாசனை அடிச்சுதே."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்த ஒரு நாள் ஒளித்தது எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் நான் திரும்பி வரும் வரை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

விமான நிலைய வாசலில் போன் ஒலித்தது. படித்துவிட்டு மூச்சுவிட்டாள். "ஸ்டேஷனுக்குத் திரும்பிட்டாராம். ஏதோ குப்பைத் தொட்டியாம்" என்றாள். போகும்போதும் வந்த பிறகும் ஒரு வரி அனுப்ப வேண்டும், அதுதான் தன் நிபந்தனை என்று சொன்னாள். நான் அந்தக் காலத்தில் மணி அடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியதுதான். போய்வருகிறேன் என்று கூட வாசலில் நின்று சொன்னதில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் செய்தேன். போகிக் கதையை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். எடுத்தாள். விமானம் ஏறப் போகிறேன், போய்ச் சேர்ந்ததும் மறுபடி சொல்கிறேன் என்றேன்.

"என்னங்க, புதுசா சொல்லிட்டுக் கிளம்புறீங்க?" என்றாள். "அங்க எதுக்காச்சும் தீ கீ வச்சிட்டீங்களா?"